பேரேடும் பெயரும்: ஆங்கில மக்கள் வரலாறும் ஊவாத் தோட்ட மக்களின் வரலாற்றெழுத்தும்

ஒரு நாட்டின் வரலாறும் அந்நாட்டில் வாழும் மக்கட் கூட்டத்தினரின் வரலாறும் ஒன்றெனக் கொள்ளப்படுவது பெருவழக்கு. ஆயினும் நிலம் மக்களுக்கு முந்தியது. மக்கள் அதனிடம் வந்து சேர்ந்தவர்கள். எவ்வாண்டில் வந்தனர், எவ்வழியாக வந்தனர் என்பனவற்றைக் காட்டிலும், வந்து சேர்ந்தோர் எப்போது, எவரது எழுத்தினாலே ஒரு மக்களாயினர் என்பதே வரலாற்றெழுத்தின் கடினமான வினாவாகும். இவ்வினாவைத் தெளிவாக எழுப்பும் எடுத்துக்காட்டு ஆங்கில மக்களின் தொடக்ககால, இடைக்கால வரலாறு. அதற்கு இன்னும் நிறைவான விடை காணாது நிற்பது பதுளையையும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களையும் சேர்ந்த தமிழ் மக்களின் வரலாறு. ஆண்டோரின் வரலாற்றையும் அவரது தோட்டங்களில் உழைத்தோரின் வரலாற்றையும் அருகருகே வைத்து நோக்குவது பொருந்தாத ஒப்பீடெனச் சிலருக்குத் தோன்றலாம். எனினும் தோட்ட மக்களைத் தனிப் பகுதியினராகப் பிரித்து, 1911ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலே "இந்தியத் தமிழர்" எனப் பதிந்தது ஆங்கில ஆட்சியே. வந்தோர், இருந்தோர் என்னும் அப்பாகுபாட்டைப் பதிந்தவர்தம் சொந்த வரலாற்றின்மீதே வைத்துச் சோதிப்பது முறையானதேயாகும்.

இங்கிலாந்து என இன்று வழங்கும் நிலம் ஏறக்குறைய 8,000 ஆண்டுகளுக்கு முன்னர் வரை ஐரோப்பாக் கண்டத்தோடு இணைந்திருந்தது. கடல் மட்டம் உயர்ந்தமையால் அது தீவாயிற்று. ஸ்ரோன்ஹெஞ்சின் பெருங்கற்கள் இற்றைக்கு ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன்னர் நிறுத்தப்பட்டன. அவற்றை நிறுத்தியோர் ஆங்கிலேயர் அல்லர்; ஆங்கில மொழி அன்று பிறந்திருக்கவுமில்லை. பின்னர் கெல்ற்றிய மொழி பேசிய பிரித்தானியர் அங்கு வாழ்ந்தனர். கி.பி. 43 முதல் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை உரோமர் அவர்களை ஆண்டனர். உரோமர் நீங்கிய பின்னரே வடகடலுக்கு அப்பாலிருந்து ஆங்கிலர், சக்சனியர், யூட்டர் என்போர் படகேறி வந்தனர். அவ்வருகை மரபாக கி.பி. 449ஐ ஒட்டியதெனக் கூறப்படுகிறது. அவர்கள் சிறு போர்க்குழுவினராக மட்டும் வந்தனரா, குடும்பங்களோடு பெருந்தொகையினராக வந்தனரா என்பது நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது. 2022இல் வெளிவந்த மரபணு ஆய்வொன்று, கிழக்கு இங்கிலாந்தின் அக்காலப் புதைகுழிகளிலே காணப்பட்டோரின் மரபுவழியில் ஏறக்குறைய முக்காற்பங்கு வடகடலுக்கு அப்பாலிருந்து வந்ததெனக் காட்டியது. இன்று "பூர்வீக ஆங்கிலேயர்" எனப்படுவோர், ஒரு காலத்திற் படகில் வந்திறங்கியோரின் வழித்தோன்றல்களேயாவர்.

இதனினும் கருதத்தக்கது மொழியிற் பதிந்துள்ள சான்றாகும். "வெல்ஷ்" என்னும் பெயர், "அந்நியர்" எனப் பொருள்பட்ட பழைய ஆங்கிலச் சொல்லின் வழிவந்தது. பின்னர் வந்தோர், தமக்கு முன்னரே அந்நிலத்தில் வாழ்ந்தோரை அந்நியர் என அழைத்தனர். ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் வெசெக்ஸ் அரசன் ஈன் வகுத்த சட்டத்தொகுதியில் அவ்வந்நியரின் உயிர்க்கு விதிக்கப்பட்ட ஈட்டுத்தொகை ஆங்கிலேயருக்குரியதிலும் குறைவு. அந்நியர் யார் என்பதைத் தீர்மானிப்பது வருகையின் முறைவரிசையன்று, சட்டம் எழுதுவோரின் கையே என்பதை இது காட்டுகிறது. 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தைக் கற்கும் மாணவர்க்கு இவ்வுண்மை புதியதன்று.

ஊவாவின் நிலமும் இவ்வாறே தன் மக்கள் அனைவரினும் முந்தியது. பண்டாரவளைக் குன்றுகளிலே கண்டெடுக்கப்பட்ட படிகக்கற் சிறுகருவிகள், வேளாண்மைக்கு முற்பட்ட வேட்டை மாந்தருடையவை. மகியங்கனைக்கு அண்மையிலுள்ள சொரபொர குளத்தருகே கிடைத்துப் பின்னர் பதுளைக்குக் கொண்டுவரப்பட்ட பத்தாம் நூற்றாண்டுத் தூண் கல்வெட்டு, நான்காம் உதயன் காலத்தது. ஹோபிட்டிகம என்னும் வணிகத்தலத்து வணிகரும் குடிகளும் அதிகாரிகளின் முறையற்ற அறவீடுகள் குறித்து அரசனிடம் முறையிட, அவன் வகுத்த ஒழுங்குகளை அது கூறுகிறது. ஊவாவின் மக்கள் வரலாற்றுக்குரிய மிகப் பழைய ஆவணங்களுள் ஒன்று சாதாரண குடிகளின் முறைப்பாடாக அமைந்திருத்தல் மனங்கொள்ளத்தக்கது. தேயிலைக்கு ஏறக்குறைய தொள்ளாயிரம் ஆண்டுகள் முற்பட்ட அக்குரலும் ஊவாவின் வரலாற்றுக்கு உரியதே. ஊவாவை எழுதப் புகுவோர் எவராயினும் தம் கூட்டத்தாரோடு அந்நிலத்தின் கதை தொடங்கியதென எழுதுதல் இயலாது.

இனி, வந்தோர் மக்களாக்கப்பட்ட முறைமையை நோக்கலாம். கி.பி. 731இல் நோதம்பிரியாவைச் சேர்ந்த பீட் என்னும் துறவி இலத்தீனிலே தம் நூலை எழுதி முடித்தார். அதன் பெயரே "ஆங்கில மக்களின் திருச்சபை வரலாறு" என்பதாகும். அவர் எழுதிய காலத்தில் ஆங்கில அரசு என ஒன்று இருக்கவில்லை. கென்ற், மேர்சியா, வெசெக்ஸ், நோதம்பிரியா எனப் பல அரசுகள் ஒன்றையொன்று பொருதுகொண்டிருந்தன. அவற்றைச் சேர்ந்த எல்லோரையும் "ஆங்கில மக்கள்" என ஒரே பெயரால் அழைத்தது பீடின் நூல். அப்பெயருக்கு ஓர் அரசு வாய்த்தது 927இலே, அதெல்ஸ்தன் நோதம்பிரியாவையும் தன் ஆட்சிக்குட்படுத்தியபோதாகும். நூலுக்கும் அரசுக்கும் இடையே ஏறக்குறைய இரு நூற்றாண்டுகள் உள்ளன. எழுத்து முன்னே சென்றது. அரசு பின்னே வந்தது.

பீடின் நூலிலே குறைகள் இல்லாமலில்லை. அவர் பிரித்தானியரை நடுநிலையோடு நோக்கினார் என்று கூறுதல் அரிது. அரசரும் ஆயரும் துறவியருமே அவருடைய ஏட்டை நிறைக்கின்றனர். உழுதுண்போர் அரிதாகவே தலைகாட்டுகின்றனர். அவ்வரிய இடங்களுள் ஒன்று விற்பி மடத்து மாட்டுத் தொழுவத்துப் பணியாளனான கட்மனின் கதை. எழுத்தறியாத அவன் தாய்மொழியிலே பாட்டுக் கட்டினான் எனப் பீட் வியந்து எழுதுகிறார். ஆயினும் அப்பாட்டின் கருத்தை இலத்தீனிலே தருகிறாரேயன்றி, அவன் பாடிய ஆங்கிலச் சொற்களைத் தரவில்லை. நூலைப் பிரதிசெய்தோரே அச்சொற்களை ஏட்டின் ஓரத்திலும் ஈற்றிலும் எழுதிவைத்தனர். உழைப்பாளியின் குரல் வரலாற்றின் ஓரக்குறிப்பாகவே முதலில் இடம்பெற்றது. தோட்டத்து நாட்டார் பாடல்களுக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதுவே. கொழுந்து மலையிலும் லயத்திலும் வாய்மொழியாக வழங்கிய பாடல்களைத் திரட்டி, சி. வி. வேலுப்பிள்ளை "மலைநாட்டு மக்கள் பாடல்கள்" என நூலாக்கியது 1983இல். அதற்குள் தோட்டங்களின் வரலாறு என்ற பெயரில் துரைமாரும் அதிகாரிகளும் எழுதியவை பலவாகிவிட்டிருந்தன.

ஆங்கில மக்களைப் பற்றிய இரண்டாவது பேராவணம் அவர்களை வென்றவர்களால் ஆக்கப்பட்டது. 1066இல் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றினர். இருபது ஆண்டுகளின் பின், 1086இல், வில்லியம் மன்னன் நாட்டின் நிலம், ஏர், ஆலை, கால்நடை, குடி ஆகிய அனைத்தையும் கணக்கெடுப்பித்தான். 13,000க்கும் மேற்பட்ட இடங்கள் அதிற் பதிவாயின. நிலவுடைமையாளரின் பெயர்கள் அதில் உள்ளன. உழுத குடியானவரும் அடிமைகளும் இவ்வூரில் இத்தனை பேர் எனத் தொகையாக நிற்கின்றனரேயன்றிப் பெரும்பாலும் பெயரோடு நிற்கவில்லை. தப்பவொண்ணாத அக்கணக்கெடுப்புக்கு மக்கள் இட்ட பெயர் "டூம்ஸ்டே", அதாவது இறுதித் தீர்ப்பு நாள். எண்ணப்பட்டோர் தம்மை எண்ணிய ஏட்டுக்குத் தம் மொழியிலே பெயரிட்டனர்.

ஊவாத் தோட்டங்களின் டூம்ஸ்டே ஏடு செக்ரோல் ஆகும். விடியற்காலையிலே பிரட்டுக்களத்தில் வரிசையாக நிற்கும் ஆணும் பெண்ணும் அதிலே பதியப்பட்டனர். தோட்டத்துப் பேச்சுவழக்கிலே ஒரு நாள் வேலைக்கு வழங்கும் சொல் "பேர்" என்பது. வேலைக்கு வந்தவருக்குப் பேர் போடப்படும்; குறித்த நிறைக்குக் கொழுந்து பறிக்காதவருக்கு "அரைப் பேர்" விழும். ஒரு மனிதரின் பெயர் ஒரு நாட் கூலியின் அளவையாகவும், அதுவும் பாதியாக வெட்டப்படக்கூடிய அளவையாகவும் மாறிய இச்சொல்வழக்கு, தோட்ட வாழ்க்கை பற்றிய நீண்ட ஆய்வுரைகள் பல கூறத் தவறுவதைக் கூறிவிடுகிறது. 1915இல் வெளிவந்த வெல்ஸ் என்பாரின் "கூலித் தமிழ்" என்னும் கைநூலும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. தொழிலாளரை வேலை வாங்கத் துரைமார் கற்றுக்கொள்ள வேண்டிய மொழியாகவே தமிழ் அதிற் கொள்ளப்பட்டது.

இங்கிலாந்தின் குடியானவரோடு தோட்டத் தொழிலாளரை ஒப்பிடுமிடத்து ஒற்றுமையைக் காட்டிலும் வேற்றுமையே கூடிய விளக்கம் தருகிறது. இடைக்கால ஆங்கிலக் குடியானவன் நிலத்தோடு பிணைக்கப்பட்டவன்; பண்ணைத் தலைவனின் அனுமதியின்றி நீங்க இயலாதவன். ஆயினும் உழுதுண்ணும் நிலத்துண்டும் குடிசையும் வழக்காற்றின்படி அவனுக்கு இருந்தன. தோட்டத் தொழிலாளியை நிலத்தோடு பிணைக்கவில்லை, கடனோடு பிணைத்தனர். கங்காணியிடம் பட்ட கடன் தீர்ந்தாலன்றி ஒரு தோட்டத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல முடியாதவாறு கட்டிய "துண்டு" முறை 1921இலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதன் பின்னரும் லயத்து அறை வேலையோடு ஒட்டியதாகவே இருந்தது. பதினோராம் நூற்றாண்டுக் குடியானவனுக்கு வழக்காறு அளித்த நிலவுரிமை இருபதாம் நூற்றாண்டுத் தொழிலாளிக்கு வாய்க்கவில்லை.

மற்றொரு வேற்றுமை ஏட்டின் பயன்பாடு பற்றியது. 1377இல் தென் இங்கிலாந்துக் குடியானவர் பலர், டூம்ஸ்டே ஏட்டிலிருந்து அத்தாட்சிப் பிரதி பெற்று, தம் ஊர்கள் பண்டுதொட்டு அரசநிலங்களாதலால் பண்ணைத் தலைவர்க்குத் தாம் கட்டாய வேலை செய்யக் கடமைப்படவில்லை என வாதிட்டனர். அவர்களை அடக்கவே எழுதப்பட்ட ஏடு அவர்கள் கையிற் சான்றாயிற்று. 1381ஆம் ஆண்டுக் கிளர்ச்சியிலே பண்ணை ஏடுகளை அவர்கள் தேடித் தேடி எரித்தனர். பிற்காலத்திற் குடியானவரின் நிலவுரிமை, பண்ணை மன்றத்தின் ஏட்டுப் பிரதியையே உறுதியாகக் கொண்டு நிலைபெற்றது. ஏட்டை எரித்ததும் ஏட்டைக் காட்டி உரிமை கேட்டதும் ஒரே மக்களின் இரு செயல்களாம். ஊவாவில் நிகழ்ந்தது வேறு. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம், விவாகமானோர் ஏழாண்டும் ஆகாதோர் பத்தாண்டும் 1946ஆம் ஆண்டுக்கு முன்னர் தொடர்ந்து வதிந்தமையை நிறுவுமாறு கேட்டது. தலைமுறை தலைமுறையாக ஏடு எழுதப்பட்ட மக்களிடம், ஏட்டைத் தம் கையில் வைத்திராத மக்களிடம், ஏட்டுச்சான்று கேட்கப்பட்டது. பெரும்பாலோர் நாடற்றோராயினர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 1,50,000 பேரின் நிலையைப் பிற்பாட்டுக்கு ஒத்திவைத்தது. இங்கும் மக்கள் தொகையாகவே நின்றனர். 1988ஆம், 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்களுக்குப் பின்னரே நாடற்ற நிலை சட்டத்தளவில் நீங்கியது.

இத்தகைய மக்களின் வரலாற்றை எவ்வாறு எழுதுவது என்பதற்கு ஜோன் றிச்சர்ட் கிறீன் 1874இல் வெளியிட்ட "ஆங்கில மக்களின் சுருக்க வரலாறு" ஒரு முன்மாதிரியும் ஓர் எச்சரிக்கையுமாகும். அரசர், போர் என்பவற்றைப் பின்தள்ளி, மக்களின் வாழ்வையும் கல்வியையும் இலக்கியத்தையும் அவர் முன்வைத்தார். போர்க்களத்துக்குரிய இடத்தைக் கவிஞர் சோசருக்கும் அச்சாளர் கக்ஸ்ரனுக்கும் அளித்தார். தம் மக்களின் தாயகத்தை இங்கிலாந்துக்கு வெளியே, டென்மார்க்கை அடுத்த சிலெஸ்விக் பகுதியிலே தொடங்கிக் காட்டவும் அவர் தயங்கவில்லை. புறத்தேயிருந்து வந்தமை ஆங்கிலேயரின் உரிமையைக் குறைத்ததாக அவர்தம் வாசகர் எவரும் கருதவுமில்லை. இது முன்மாதிரி. எச்சரிக்கை யாதெனின், வந்தோரின் பெருமையை எழுதிய வேகத்திலே பிரித்தானியர் ஏறக்குறைய முற்றாக அகற்றப்பட்டுவிட்டதாக அவர் காட்டியமையாகும். மக்கள் வரலாறு என்ற பெயரால் மற்றொரு மக்களை வெளியேற்றும் தவறு அந்நூலில் உள்ளது.

ஊவாத் தோட்ட மக்களைப் பற்றிய வரலாற்றெழுத்தை இவ்விரு அளவைகளாலும் மதிப்பிடல் தகும். அதன் முதற்குறை, மக்களின் கதையைப் பயிரின் கதையாக மாற்றிவிடுவது. கோப்பிக் காலம், 1869இல் மடுல்சீமைப் பகுதியிலே முதன்முதல் அறியப்பட்ட இலைநோய், அதன்பின் தேயிலைக் காலம், 1924இல் பதுளையை எட்டிய புகையிரதம் என அக்கதை வகுக்கப்படுகிறது. அரசர் ஆட்சிக்காலங்களால் வகுக்கப்பட்ட பழைய ஆங்கில வரலாற்றுக்கும் இதற்கும் முறையளவில் வேறுபாடில்லை. இரண்டாவது குறை, மக்களைத் துன்பத்தின் பொருளாக மட்டும் காட்டுவது. கடன், நோய், நாடுகடத்தல் யாவும் மெய்யே. ஆயினும் முறைப்பாட்டோடு நின்றுவிடும் வரலாறு, அம்மக்கள் கோவில் கட்டியதையும் கூத்தாடியதையும் சங்கம் அமைத்ததையும் மொழியைப் புதுக்கியதையும் பிற்சேர்க்கையாக ஒதுக்கிவிடுகிறது. மூன்றாவது குறை கிறீனிடம் கண்டதேயாம். தோட்டத்துக்கு அப்பாலுள்ள சிங்களக் கிராமம் இவ்வெழுத்திற் பெரும்பாலும் நிழலாகவே நிற்கிறது. 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சியை அடக்கிய படை ஊவாவை அழித்ததும், முடிக்குரிய நிலம் பற்றிய 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் கிராமத்தவரின் சேனைக் காடுகள் தோட்டங்களாக வழிவகுத்ததும் தோட்ட வரலாற்றின் முன்னுரையன்றோ? நிலமிழந்தோரும் நிலமில்லாதே வந்தோரும் ஒரே கையால் ஒரே மலையிலே எதிரெதிரே நிறுத்தப்பட்டனர். இதனை எழுதாத வரலாறு, "வந்தேறி" என்னும் வசைக்கு விடையளிக்கும் வலுவை இழந்துவிடுகிறது.

இக்குறைகளை நிரப்ப முனைந்தவை வரலாற்று நூல்களைக் காட்டிலும் ஆக்க இலக்கியங்களேயாம். அவ்வகையிலே தெளிவத்தை ஜோசப் தனித்துக் குறிப்பிடப்பட வேண்டியவர். 1934இல் பதுளைக்கு அண்மையிலுள்ள ஊவாக்கட்டவளைத் தோட்டத்திற் பிறந்து, 2022இல் மறைந்த அவர், பதுளையிலே புனித பீட் பெயரைத் தாங்கிய கல்லூரியிற் பயின்றவர். ஆங்கில மக்களுக்குப் பெயரளித்த துறவியின் பெயரை ஒரு தோட்டத்துச் சிறுவன் கல்லூரி வாயிலிற் கண்டது தற்செயலே. எனினும் இருவரும் மேற்கொண்ட பணி ஒத்த தன்மையது. தாம் பணியாற்றிய தோட்டத்தின் பெயரைத் தம் பெயருக்கு முன் அவர் வைத்துக்கொண்டார். மாத்தளை சோமு, மாத்தளை வடிவேலன் முதலியோரும் தத்தம் இடப்பெயரை இவ்வாறே ஏற்றனர். ஆளை ஏட்டின் உருப்படியாக்கிய தோட்டத்தை, எழுத்தாளன் தன் பெயரின் உறுப்பாக்கிக்கொண்டான். "காலங்கள் சாவதில்லை" (1974) என்னும் நாவலும் "நாமிருக்கும் நாடே" (1979) என்னும் சிறுகதைத் தொகுதியும் தலைப்பிலேயே தம் கொள்கையை அறிவிப்பன. "மீன்கள்" என்னும் சிறுகதையிலே ஓரறை லயத்தில் பெருகிவிட்ட குடும்பத்தின் அந்தரங்கமின்மை, புள்ளிவிபரம் எதனாலும் உணர்த்தவியலாத அவலமாக நிற்கிறது. எண்ணப்பட்டோரை வெட்கமும் அன்பும் சினமும் உடையோராக, பெயருடையோராக அது காட்டுகிறது. "மலையகச் சிறுகதை வரலாறு" (2000) என்னும் நூலிலே தம் மக்களின் எழுத்துக்கே அவர் வரலாறு எழுதினார்.

"மலையகத் தமிழர்" என்னும் பெயரும் இவ்வாறே எழுத்திலும் இயக்கத்திலும் வளர்ந்தது. 1960களில் இர. சிவலிங்கம் முதலிய ஆசிரியராலும் அவர்தம் மாணவராலும் வலுப்பெற்ற அப்பெயர், அவர்களுட் பெரும்பாலோர் எந்நாட்டின் குடிகளாகவும் இல்லாத காலத்தே வழக்குக்கு வந்தது. 2023இல் இருநூறாண்டு நிறைவையொட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் நடந்த வழியே நடந்தோர், மலையகத்தவர் என்னும் பெயராலேயே தம்மை அறிவித்தனர். பெயர் முன்னே சென்று சட்டம் பின்னே வருதல் பீடின் காலத்து வழக்கம் மட்டுமன்று.

ஆங்கிலர் படையோடு வந்து நிலத்தைக் கைக்கொண்டனர். ஊவாத் தொழிலாளர் வெறுங்கையோடு வந்து, காட்டை விளைநிலமாக்கியும் நிலமற்றோராக நின்றனர். இவ்வேற்றுமையை மறைக்கும் எந்த ஒப்பீடும் பொய்யாகும். ஆனால் வந்தோர் ஒரு மக்களாவது எழுத்தினாலும் உழைப்பினாலும் அயலாரோடு வாழும் வாழ்வினாலுமே என்பது இரு வரலாறுகளுக்கும் பொதுவானது. பதுளை, ஹாலிஎல, பசறை, லுணுகலை, பண்டாரவளை, அப்புத்தளை ஆகிய பகுதிகளின் தோட்டங்கள் ஒவ்வொன்றிலும் செக்ரோல்களும் கோவிற் கணக்குகளும் சங்கக் குறிப்புகளும் முதியோர் நினைவுகளும் எஞ்சியுள்ளவரை திரட்டப்படல் வேண்டும். துரைமாரின் ஏடு தொழிலாளியின் சான்றாக மாற வேண்டுமாயின், அதனைக் கற்றோர் எடுத்துவாசித்தல் அவசியம். அப்பணி பல்கலைக்கழகத்தின் தமிழ், வரலாற்றுத் துறைகளுக்குரியது. அரைப் பேராக எழுதப்பட்டோருக்கு முழுப் பெயர் எழுதுவது அத்துறைகள் செலுத்தவேண்டிய பழைய கடனாகும்.